‘பேசி முடிச்சிக்கலாம்’ என்று பள்ளி சொன்னால்?

கேளம்பாக்கத்தில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளி தொடர்பாக 2021 ஜூனில் முன்னாள் மாணவிகள் பாலியல் புகார் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். மாமல்லபுரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்குகள் பின்னர் சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டன. “இத்தனை வருஷம் ஏன் சொல்லல?” என்றுதான் நாம் உடனே கேட்கிறோம். சொல்லியிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லப் பள்ளிக்குப் போனால், “ஸ்கூல் பேரு கெட்டுடும், நமக்குள்ளேயே பேசி முடிச்சிக்கலாம்” என்று சொல்லக்கூடும். அப்படி மறைப்பதே குற்றம். போக்சோ சட்டம் 2012-ன் 19-வது பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். ஆசிரியர், வார்டன், வேன் டிரைவர், ஏன், நீங்களும்தான். தவறினால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிர்வாகத்தின் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது.

“ஸ்டேஷனுக்கெல்லாம் எப்படிப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறது?” என்ற பயம் நியாயமானது. ஆனால் கூட்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. குழந்தையின் வீட்டிலோ, அவர் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, வாட்ஸ்அப். கோபத்தில் குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளிப் பெயரைக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரியதே. ஸ்கிரீன்ஷாட், மெசேஜ் போன்ற ஆதாரம் இருந்தால் அழிக்காமல் போலீஸிடம் மட்டும் கொடுங்கள்.

அடி, மிரட்டல், சாதிச் சீண்டல் வேறு வகை. உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. மாணவர்களுக்குள் நடப்பதைத்தான் பல வீடுகளில் ‘பசங்க சண்டை’ என்று விட்டுவிடுகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிளஸ் டூ மாணவர், அதற்கு முன் சில நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. பள்ளி விசாரித்த பிறகுதான் சீண்டல் வெளியே வந்தது. புகார் தெரிந்ததும் வீடு புகுந்து தாக்கினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது. என்னைக் கேட்டால், புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை எப்படி வீடு திரும்பும் என்பதைத்தான் பள்ளி முதலில் யோசிக்க வேண்டும். திருப்போரூரிலோ கல்பாக்கத்திலோ கூட்டமான பஸ்ஸில் ஏறும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

பிள்ளை திடீரென்று “ஸ்கூலுக்குப் போகல” என்றால், திட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசலாம். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான்.

குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417, அவசரத்துக்கு 112. ஆன்லைனில் மிரட்டல் என்றால் 1930. போனில் சேமித்துக்கொள்ளுங்கள். 1098-ஐப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினாலும் அவர்களே அழைக்கலாம்.