கருப்பை அறுவைக்குப் பின்: மறைக்க வேண்டாத துன்பங்கள்

கருப்பை, கருப்பைவாய், சூலகம் ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களுள் பலவற்றை, காலத்தோடு கண்டறிந்தால், அறுவைச் சிகிச்சையால் நீக்கிவிட முடிகிறது. நம் கெடா மாநிலத்தின் தோட்டங்களிலிருந்து அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி அரசாங்க மருத்துவமனைகளுக்குச் சென்று பிழைத்து வந்த தாய்மார்கள் பலர். கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகப் பினாங்கு வரை நாள்தோறும் போய்வந்தோரும் உண்டு. தையல் பிரித்து வீடு திரும்பியதும், "நோய் போயிற்று" என்று குடும்பத்தார் மகிழ்கின்றனர். மகிழ வேண்டியதே. ஆனால், அதன் பின்னர் மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் தொடரும் தொல்லைகளைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. இந்த மௌனமே சிறிய தொல்லையைப் பெரிய கேடாக்கி விடுகிறது.

தொல்லைகள் ஏன் வருகின்றன?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் பெரிய அறுவை, 1898ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் கையாண்ட முறையிலிருந்து வளர்ந்ததாகும். இதில் கருப்பையோடு, அதனைச் சூழ்ந்த திசுக்களும் இடுப்பிலுள்ள நிணநீர் முடிச்சுகளும் அகற்றப்படுகின்றன. நோய் மீண்டும் தலைதூக்காதிருக்க இது தேவை. ஆனால், சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் அவ்விடத்தை ஒட்டியே ஓடுகின்றன; கால்களிலிருந்து நிணநீர் மேலேறும் வழியும் அதுவே. எனவே பின்வரும் தொல்லைகள் சிகிச்சையின் விளைவுகளே அன்றி, அப்பெண்ணின் குற்றமோ தலைவிதியோ அல்ல.

கால் வீக்கம்

நிணநீர் மேலேற வழி குறைவதால் ஒரு காலோ இரு கால்களுமோ வீங்கக்கூடும். அறுவை முடிந்து பல மாதங்கள் கழித்தும் இது தொடங்கலாம். தோட்டப்புறத்தில் இதனை யானைக்கால் என்று கருதி ஒதுங்குவோர் உண்டு. யானைக்கால் நோய் கொசு பரப்பும் புழுவினால் வருவது. இவ்வீக்கமோ எவருக்கும் தொற்றாது.

இவ்வீக்கத்தை முற்றாக நீக்குவது அரிது. ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம். ஓய்வு வேளையில் காலை உயர்த்தி வைத்தலும், கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும் நன்மை தரும். கால் அளவு எடுத்துத் தரப்படும் அழுத்தக் காலுறையை உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் அறிவுரைப்படி அணிய வேண்டும். பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்வோர் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. முள் குத்தினாலும், அட்டை கடித்தாலும் உடனே சோப்பிட்டுக் கழுவி மருந்திட வேண்டும். வீங்கிய கால் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால் அது கிருமி நுழைந்ததன் அறிகுறி. பச்சிலைப் பற்றுப் போட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

சிறுநீரும் உடல் வெப்பமும்

சிலருக்குச் சிறுநீர் நிரம்பிய உணர்வே தெரிவதில்லை. சிலருக்கு இருமினாலும் வாளியைத் தூக்கினாலும் கசிந்துவிடும். இதற்கு அஞ்சித் தண்ணீர் அருந்துவதைக் குறைப்பது தவறு. மூன்று அல்லது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை, உணர்வு இல்லாவிடினும், கழித்துவிட வேண்டும். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை செய்து வந்தால், சில மாதங்களில் பலருக்குக் குணம் தெரியும்.

சூலகங்களும் நீக்கப்பட்டால், இளம் வயதினருக்கும் மாதவிலக்கு நின்ற நிலை திடீரென வந்துவிடுகிறது. உடல் கொதித்தல், இரவு வியர்வை, உறக்கமின்மை, எரிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். எலும்பும் வலுக்குறையும். பால், நெத்திலி, முருங்கைக்கீரை ஆகியவற்றை உணவில் சேர்ப்பதும் அன்றாடம் நடப்பதும் நலம். இயக்குநீர் மருந்து எல்லோருக்கும் ஏற்றதன்று. அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கணவர்மார் அறிய வேண்டியது

இல்லற உறவால் புற்றுநோய் கணவருக்குத் தொற்றாது. மனைவிக்குத் திரும்பவும் வராது. வறட்சியாலும் இறுக்கத்தாலும் வலி உண்டாகலாம். அதற்கு மருந்துக் களிம்புகளும், கதிர்வீச்சுக்குப் பின் வழி குறுகாதிருக்க உதவும் கருவிகளும் உள்ளன. மருத்துவர் அனுமதிக்கும் வரை பொறுத்திருப்பதும், மனைவியின் வலியை அறிந்து நடப்பதும் கணவரின் கடமை. புதிதாக இரத்தக் கசிவு கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உள்ளத்தின் காயம்

பிள்ளைப்பேற்றின் வாய்ப்பை இழந்த பெண்ணின் துயரம் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. "உயிர் தப்பியதே போதும்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுகிறோம். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்ற நிகழ்ச்சிகளில் அவளைப் பின்னே நிற்கச் செய்வது அதனினும் கொடுமை. நோய் திரும்புமோ என்னும் அச்சம் ஒவ்வொரு பரிசோதனை நாளுக்கு முன்னும் எழும். அழுகையும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதுவும் சிகிச்சை பெற வேண்டிய நிலையே. சுகாதாரக் கிளினிக்கில் கூறினால் மனநல ஆலோசனைக்கு வழிகாட்டுவார்கள்.

வேலையும் உரிமையும்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தொழிலாளிக்கு, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. வேலைக்குத் திரும்பும்போது பளுவற்ற வேலை தரும்படி மருத்துவரின் கடிதத்துடன் நிர்வாகத்திடம் கேட்கலாம். தொழிற்சங்கத்தின் துணையையும் நாடலாம். இனி உழைக்கவே இயலாத நிலையில், தகுதியுடைய சந்தாதாரர்கள் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். சேமநிதியிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கவும் வழியுண்டு.

நோயை வெல்வது மருத்துவரின் கத்தியோடு முடிந்துவிடும் செயல் அன்று. அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது, கால் வீக்கம் முதல் மன வாட்டம் வரை யாவற்றையும் ஒரு தாளில் குறித்துச் சென்று, ஒன்றையும் மறைக்காமல் சொல்லுமாறு நம் சகோதரிகளைக் கேட்டுக் கொள்கிறோம். தனியே செல்லத் தயங்குவோருக்குக் கணவரோ மகளோ அண்டை வீட்டாரோ துணை செல்லட்டும். சொல்லாத நோவுக்கு மருந்தில்லை.