கறிவேப்பிலைச் செடியே வாத்தியார்!

"உனக்குச் சாப்பாடு யார் தர்றாங்க?" என்று கேட்டால், குழந்தை பட்டென்று "அம்மா!" என்று சொல்லிவிடும். "கொல்லையில நிக்கிற கறிவேப்பிலைச் செடிக்கு?" என்று கேளுங்கள். திருதிருவென்று முழிக்கும்.

பிள்ளையைச் செடியருகே கூட்டிப் போங்கள். வெயில், தண்ணீர், கரியமில வாயு மூன்றையும் வைத்து இலை தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறது. சில சமயம் இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டியிருக்கும். இலையைத் தின்றே வளர்ந்து பச்சை நிறமாகும். பிறகு கூட்டுப்புழு, அப்புறம் கறுப்பு வண்ணத்துப்பூச்சி! தப்பாத புழுக்களைத் தையல்சிட்டு கொத்திப் போய்க் குஞ்சுக்கு ஊட்டும். உதிர்ந்த சருகை மண்புழுவும் நுண்ணுயிர்களும் தின்று, செடிக்கே உரமாக்கும்.

இதில் பெரியவங்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. புழுவைப் பார்த்ததும் பூச்சிமருந்தைத் தூக்காதீர்கள். அந்த விஷம் புழுவோடு நிற்காது. குஞ்சின் வாய்க்கும் போகும், நம்ம வீட்டு ரசத்துக்கும் வரும். நாலு இலை போனால் என்ன? செடி மறுபடி துளிர்க்கும்.

கறிவேப்பிலைத் துவையல் பசியைத் தூண்டும். செடியோடு பழகின பிள்ளைக்கு அதை ஊட்டிப் பாருங்கள், தட்டில் ஒதுக்க மனசு வராது!