பழைய டிவி கேம் பெட்டிக்குப் புது மதர்போர்டு

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து மொட்டை மாடி ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரு காலத்தில் கொடைக்கானலைப் பார்த்துத்தான் நின்றன. மலை மேலிருந்த தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்துதான் ஒளியும் ஒலியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதே ஓட்டையில் இன்னொரு ஒயரைச் சொருகுவார்கள் வீட்டுப் பிள்ளைகள். அதுதான் டிவி கேம். மரியோ, காண்ட்ரா என்று கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் போட்டு ஆடிய அந்தப் பெட்டி இப்போது பல வீடுகளில் பரண் மேல் கிடக்கிறது.

இறக்கிப் போட்டுப் பார்த்தால் படம் வராது. திறந்தால் மதர்போர்டில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். மலையில் இது இன்னும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் பெருமாள்மலையிலும் பண்ணைக்காட்டிலும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். போர்டில் எங்கெல்லாம் பச்சைப் பூச்சு கீறியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஈரமும் சால்டர் பிளக்ஸ் மிச்சமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. கெப்பாசிட்டர் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். கோடு அறுந்த இடத்தில் மெல்லிய ஒயரை வைத்துப் பற்றவைத்து ஒப்பேற்றலாம். பத்து இருபது இடங்களில் அறுந்திருந்தால் என்ன செய்வது?

போர்டையே புதிதாகச் செய்துவிடலாம் என்பதுதான் பதில். நீங்கள் வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும் இதில் பாதி வேலையை முடித்துவிடும்.

எது போனால் திரும்ப வராது?

ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் பேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. 1985-ல் அதுவே என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவில் அது சாமுராய் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் அதிகம் புழங்கியவை தைவான், சீன நகல் பெட்டிகளே. உள்ளே இருக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

போர்டில் 40 கால்கள் உள்ள இரண்டு பெரிய ஐசிக்கள் இருக்கும். ஒன்று பிராசசர், மற்றொன்று படம் வரைவது. நின்டெண்டோ பெட்டியில் இவை 2ஏ03, 2சி02. நம் நகல் பெட்டிகளில் பெரும்பாலும் யுஎம்சி நிறுவனத்தின் யுஏ6527பி, யுஏ6538 என்று எழுதியிருக்கும். இவற்றைச் சுற்றி 2 கிலோபைட் மெமரி இரண்டு, 74எல்எஸ்373, 74எல்எஸ்139 போன்ற சின்ன ஐசிக்கள், ஒரு கிரிஸ்டல், 5 வோல்ட் தரும் 7805. ஆம், மொத்த மெமரியே 4 கிலோபைட்தான். உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு சின்ன ஐகான் கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

சின்ன ஐசிக்கள் எல்லாம் இன்றும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கக் கூடியவை. போர்டு என்பது கண்ணாடி நார்ப் பலகையில் ஒட்டிய செப்புக் கோடுகள்தான், அதையும் செய்துகொள்ளலாம். திரும்பக் கிடைக்காதவை அந்த இரண்டு பெரிய ஐசிக்கள் மட்டுமே. அவை உயிரோடு இருந்தால் புதுப் போர்டுக்கு மாற்றிக் குடியமர்த்திவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்ததும் கால் வைத்த ஐசிக்களுக்குப் பதிலாக நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் இருந்தால், மூடி வைத்துவிடுங்கள். பின்னால் வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லா வேலையையும் ஒரே சிப்பில் அடக்கி, அதைப் போர்டிலேயே ஒட்டி, மேலே கறுப்புப் பிசின் ஊற்றிவிட்டார்கள். அதைப் பெயர்த்து வேறு போர்டில் வைக்க முடியாது.

இன்னொன்று. படம் வரவில்லை என்றால் உடனே போர்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அடாப்டர், பவர் சுவிட்ச், 7805, கார்ட்ரிட்ஜ் சொருகும் இடத்தில் படிந்த அழுக்கு, இந்த நான்கையும் மல்டிமீட்டரோடு ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடாப்டரில் எச்சரிக்கை தேவை. நகல் பெட்டிகள் பலவற்றுக்கு 9 வோல்ட் டிசி. அமெரிக்க என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. பிளக் பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் சொருகினால், இருக்கிற ஐசியும் போய்விடும்.

ஸ்கேனரில் போர்டு

வெளிநாடுகளில் இந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. என்இஎஸ் மதர்போர்டை அப்படியே திரும்ப வரைந்து, ஓப்பன்டெண்டோ என்ற பெயரில் அதன் பைல்களை யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யும்படி வைத்திருக்கிறார்கள். 2025-ல் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் போர்டும் இதே போல் மறுபடி வரையப்பட்டது. ஆனால் நம் ஊர் நகல் பெட்டிக்கு அந்த பைல்கள் அப்படியே பொருந்தாது. ஒரே பெயரில் விற்ற இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே வேறு வேறு போர்டுகள் இருக்கும். ஆகவே உங்கள் போர்டை நீங்கள்தான் பிரதி எடுக்க வேண்டும்.

முதலில் பாகங்கள் எல்லாம் இருக்கும்போதே இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தக் கெப்பாசிட்டர் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது பிறகு நினைவில் இருக்காது. அடுத்து, பாகங்களைக் கழற்றுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. ஐசியின் கால் ஒடிந்தால் வேறு ஐசிக்கு எங்கே போவது?

வெறும் போர்டைத் துடைத்து ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். 600 டிபிஐ போதும். 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு அதில் 7 புள்ளி அகலத்தில் விழும். மெல்லிய, எடை குறைந்த ஸ்கேனர்கள் பலவற்றில் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாக விழும். சால்டர் முட்டு ஒன்று போர்டைத் தூக்கிப் பிடித்தாலும் படம் மங்கிவிடும், அவற்றைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். ஜேபெக் ஆகச் சேமிக்க வேண்டாம், கோட்டின் ஓரங்கள் கலைந்துவிடும். டிப் அல்லது பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள்.

படத்தின் அளவு சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. இந்த ஐசிக்களின் அடுத்தடுத்த கால்களுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. 600 டிபிஐ படத்தில் அது சரியாக 60 புள்ளி. 40 கால் ஐசியில் ஒரு பக்கத்து முதல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டை வரை 1140 புள்ளி வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்கேனர் படத்தை இழுத்திருக்கிறது, அந்த அளவுக்குப் படத்தைச் சரி செய்துகொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்கு இந்த மாதிரி வேலை புதிதல்ல. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் இருந்தன. அவற்றை 4096-க்கு 4096 புள்ளி கொண்ட கேமரா மூலம் டிஜிட்டலாக மாற்றினார்கள். நூறு வருடத் தகட்டுக்கும் முப்பது வருடப் போர்டுக்கும் எதிரி ஒன்றுதான்: ஈரம்.

கோடு வரைவது

வரைவதற்கு கிகேட் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. 1992-ல் பிரான்ஸில் தொடங்கியது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். 2023-ல் வந்த அதன் 7-ம் பதிப்பிலிருந்து போர்டு வரையும் திரையிலேயே படத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம். அடிப்பக்கத்துப் படத்தைக் கிம்ப் போன்ற சாப்ட்வேரில் இடம் வலமாகத் திருப்பி, மேல்பக்கத்தின் மீது வையுங்கள். ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். பிறகு கோலத்தை நகல் எடுப்பது போல் கோடுகளின் மேலேயே வரைந்துகொண்டு போகலாம்.

ஆனால் வெறுமனே கோட்டை மட்டும் இழுக்காதீர்கள். முதலில் எந்தக் கால் எதோடு சேர்கிறது என்று சர்க்யூட் படத்தை வரைந்துவிட்டால், போர்டில் விட்டுப்போன இணைப்பைச் சாப்ட்வேரே காட்டிக்கொடுக்கும். களிம்பு தின்று மறைந்த கோடுகளைக் கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. பிராசசரின் ஒரு கால் எங்கேயும் போகாமல் நிற்கிறது என்றால், அங்கே ஒரு கோடு இருந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் சொருகும் கனெக்டரில் பலர் சறுக்குகிறார்கள். நம் பெட்டிகளில் 60 கால் கனெக்டர், இடைவெளி 2.54 மில்லிமீட்டர். அமெரிக்க என்இஎஸ்ஸில் 72 கால், இடைவெளி 2.50. வித்தியாசம் வெறும் 0.04 தானே என்று நினைக்கலாம். ஒரு பக்கத்தில் 36 கால்கள் இருப்பதால் கடைசிக் காலுக்குப் போவதற்குள் 1.4 மில்லிமீட்டர் தள்ளிவிடும். உள்ளே போகவே போகாது.

கிரிஸ்டலையும் கவனியுங்கள். யுஎம்சி ஐசிக்கள் உள்ள பெட்டிகளில் 26.601712 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். பிராசசர் அதை 15-ஆல் வகுத்து ஓடுகிறது, அதாவது சுமார் 1.77 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான் பெட்டியில் கிரிஸ்டல் 21.47727, வகுப்பது 12-ஆல். ஆகவே அங்கே படித்த எண்ணை இங்கே போடக் கூடாது.

போர்டு கைக்கு வருவது

வரைந்ததைப் போர்டு செய்பவர்களிடம் அனுப்பும் முன் பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் விண்டோவில் 'பிட் டு பேஜ்' தேர்வாகியிருந்தால் நீக்கிவிட்டு 100 சதவீதம் என்று கொடுங்கள். அந்தப் பேப்பர் மேல் ஐசிகளையும் கனெக்டரையும் வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் ஸ்குரூ ஓட்டை பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஒரு ரூபாய் பேப்பர் ஒரு மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

பிறகு கிகேட்டில் கெர்பர் பைல்களை உருவாக்குங்கள். மேல் செம்பு, கீழ் செம்பு, பச்சைப் பூச்சு, எழுத்து, ஓட்டைகள் என ஒவ்வொன்றும் தனித்தனி பைல். எல்லாவற்றையும் ஜிப் செய்து அனுப்பினால் போர்டு தபாலில் வந்துவிடும். பலகை 1.6 மில்லிமீட்டர், செம்பு 35 மைக்ரான் என்று குறிப்பிடுங்கள். குறைந்தது ஐந்து போர்டு வாங்க வேண்டும் என்பார்கள். அதே பெட்டி வைத்திருப்பவர்கள் நால்வரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லேசர் பிரிண்ட்டை அயர்ன் பாக்ஸால் தேய்த்து, பெரிக் குளோரைடில் முக்கி வீட்டிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். சின்ன போர்டுக்கு சரி. இது இரண்டு பக்கமும் கோடு உள்ள போர்டு. ஓட்டைகளின் உட்சுவரில் செம்பு பூசினால்தான் இரு பக்கமும் சேரும், அதை வீட்டில் செய்வது கஷ்டம். தவிர, செம்பு கலந்த அந்தக் கரைசலை எங்கே ஊற்றுவீர்கள்? 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கொடைக்கானலில் இன்றும் பேச்சாக இருக்கிறது. மலை மேல் சாக்கடையில் விடுவது கீழே ஒருவர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. சிப் வடிவமைப்புக்கென 2000-ல் வந்த இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு பத்து ஆண்டுகள்தான். இந்தப் பெட்டிகளோ அதற்கும் முந்தியவை. ஆனால் விளையாட்டுகளின் காப்புரிமை அப்படியே இருக்கிறது. போர்டைச் செய்யுங்கள், கார்ட்ரிட்ஜை நகல் எடுத்து விற்காதீர்கள்.

புதுப் போர்டு வந்ததும் ஐசிக்களை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட் வையுங்கள். ஐசி போடும் முன் 5 வோல்ட் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பிறகு 7805-ஐ மட்டும் வைத்து 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். அதன் பிறகுதான் பெரிய ஐசிக்கள்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்பவர்கள், பெட்டியைத் திறந்து இரண்டு பக்கப் போட்டோவையாவது எடுத்து, போர்டில் அச்சிட்ட எண்ணையே பைலுக்குப் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள். பெட்டியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மழைக்காலம் தொடங்குவதற்குள் பரணிலிருந்து இறக்கி அலமாரிக்கு மாற்றுங்கள்.