முடிக்காத கேம் 113: என் பேக்லாக் சொல்ற கணக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ராணிப்பேட்டையில எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து, என் ஸ்டீம் லைப்ரரிய முழுசா எண்ணினேன். மொத்தம் 143 கேம். கடைசி வரைக்கும் ஆடி முடிச்சது 30. பாதியில விட்டது 52. வாங்கினதுக்கு அப்புறம் ஒரு தடவைகூடத் திறக்காதது 61. ஆக, முடிக்காதது 113.

எண்ணி முடிச்சதும் என்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? வேலை நாள்ல எனக்கு நேரம் கிடைக்காது. வாரத்துக்கு 5 மணி நேரம் ஆடினா பெரிய விஷயம். வருஷத்துக்கு 260 மணி. ஒரு கேமுக்குச் சராசரியா 20 மணின்னு வெச்சா 113 கேமுக்கு 2,260 மணி. இன்னையிலருந்து ஒரு கேம்கூட வாங்காம ஆடினாலும் முடிக்கக் கிட்டத்தட்ட 9 வருஷம். அப்போ எனக்கு 37 வயசு.

இந்தக் கணக்கைப் பார்த்துட்டு என்ன பண்ணலாம்னு யோசிச்சேன். இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

முதல்ல, ஏன் இப்படிச் சேருது? ஸ்டீம்ல சேல் வருது, விலை பாதிக்கும் கீழ இறங்குது, யுபிஐ-ல ஒரு நிமிஷத்துல வாங்கிடுறோம். அந்த நேரத்துல நாம வாங்குறது கேம் இல்ல. "ஒருநாள் நிதானமா உக்காந்து ஆடுவேன்"ங்கிற நினைப்பைத்தான் வாங்குறோம். போன வருஷம் நான் வாங்கினது 26, முடிச்சது 4. வர்றது 26, போறது 4-ன்னா எந்த க்யூவும் வளரத்தான் செய்யும். இதுக்கு மனசைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, இது வெறும் கழித்தல் கணக்கு.

அடுத்து, பாதியில விட்ட அந்த 52. எங்க ஆபீஸ்ல போர்டுல டிக்கெட் நகர்த்துறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு, லிட்டில்ஸ் லா. பின்னாடி எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-ல நிரூபிச்சது. சிம்பிளா சொன்னா, ஒரு வேலை சராசரியா எத்தனை நாள் உள்ள கிடக்கும்? ஒரே நேரத்துல கையில இருக்கிற வேலைகளோட எண்ணிக்கைய, முடிக்கிற வேகத்தால வகுத்தா வரும். வரத்தும் போக்கும் சமமா இருக்கிற இடத்துக்குப் பொருந்துற விதி இது.

இதைக் கேமுக்குப் போட்டுப் பாருங்க. நான் வருஷத்துக்கு 6 கேம் முடிக்கிறேன்னு வெச்சுக்குவோம். கையில எப்பவும் 12 கேம் ஓடிட்டிருந்தா, ஒவ்வொண்ணும் முடிய 2 வருஷம். கையில 2 மட்டும் இருந்தா, ஒவ்வொண்ணும் 4 மாசம். வேகம் அதேதான், ஆடுற நேரமும் அதேதான். ஆனா 2 வருஷம் இழுத்த கேமுக்குத் திரும்பிப் போனா என்ன ஆகும்? எந்த பட்டன்ல குதிக்கணும்னு மறந்துருக்கும், கதையில யார் யாருன்னு மறந்துருக்கும். முதல்லருந்து ஆரம்பிப்போம். மறுபடி பாதியில நிக்கும். 'தி விட்சர் 3'-ய நான் மூணு தடவை ஆரம்பிச்சிருக்கேன். மெயின் கதை மட்டுமே 50 மணி நேரத்துக்குக் குறையாத கேம் அது. மூணு தடவையும் முதல் 10 மணி நேரத்தைத்தான் ஆடியிருக்கேன்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். அவர் ரொம்ப வருஷம் இங்க ஒரு டேனரியில வேலை பார்த்தவர். அவருக்குக் கேம் தெரியாது, லிட்டில் யாருன்னும் தெரியாது. அவர் சொன்னது: "டிரம் காலி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த தோலை ஊற வைக்கணும். இல்லாம வாங்கிப் போட்டா அது சரக்கு இல்லடா, நாத்தம்." நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

அவர் இன்னொண்ணும் சொன்னார். பச்சைத் தோல் வந்தா உடனே உப்புப் போடணும். உப்புப் போட்டது வாரக்கணக்கில தாங்கும். போடாதது நம்ம வெயிலுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால எது முதல்ல கெடும்னு பார்த்துத்தான் வேலைய வரிசைப்படுத்துவாங்களாம்.

கேம் கெடுமான்னு கேப்பீங்க. கெடும். யூபிசாஃப்டோட 'தி க்ரூ' 2014-ல வந்த கார் ரேஸ் கேம். தனியா ஆடவே சர்வர் வேணும்கிற மாதிரி கட்டினது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினாங்க. காசு கொடுத்து வாங்கினவங்க டிஸ்க்கை வெச்சிருந்தும் அதை ஆட முடியாமப் போச்சு. அதனால பேக்லாக்ல ஆன்லைன் கேம் இருந்தா அது உப்புப் போடாத தோல். மத்ததெல்லாம் காத்திருக்கும்.

சரி, இதெல்லாம் வெச்சு நான் போட்ட வழி இதுதான்.

முதல்ல, சின்னதை எடுத்தேன். காலேஜ்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 'ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்' படிச்சிருப்பீங்க. சின்ன வேலைய முதல்ல முடிச்சா சராசரி காத்திருப்பு குறையும். என் லிஸ்ட்ல ரொம்பச் சின்னது 'வெண்பா'. கனடாவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023 ஜூலையில வெளியிட்டது. 1980-கள்ல டொராண்டோவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவோட கிழிஞ்சு அழிஞ்சுபோன சமையல் நோட்டைப் பார்த்து, விட்டுப்போனதை நாமளே ஊகிச்சு இட்லி, புட்டு எல்லாம் செய்யணும். 2024-ல பாஃப்டாவோட அறிமுக கேம் விருது வாங்கினது. மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். அதை நான் ஒரு வருஷமாத் திறக்கவே இல்ல. ஒரு சினிமா பார்க்கிற நேரம் கூட ஆகாது!

ஆனா சின்னதையே ஆடிட்டிருந்தா பெருசுக்கு டர்னே வராது. அந்தப் பேப்பர்லயே இதுக்கு 'ஸ்டார்வேஷன்'னு பேர். அதனால கையில ரெண்டே ரெண்டு இடம். ஒண்ணு சின்னதுக்கு, ஒண்ணு பெருசுக்கு. ஒண்ணு காலியானாத்தான் அடுத்தது.

அடுத்து, விடுறது. இதுதான் கஷ்டம். காசு போட்டாச்சே! 1985-ல ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாடக சீசன் டிக்கெட்டை சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலயும் கொடுத்தாங்க. முழு விலை கொடுத்தவங்க சீசனோட முதல் பாதியில அதிக நாடகத்துக்குப் போனாங்க. நாடகம் அதேதான், கொடுத்த காசுதான் இழுத்துட்டுப் போச்சு. நான் பிடிக்காத கேமை ஆடி முடிச்சாலும் அந்தக் காசு திரும்ப வராது. கூட 20 மணி நேரமும் போகும். காசு திரும்ப வர ஒரே வழி, வாங்கின 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா ஆடியிருந்தா ஸ்டீம்ல ரீஃபண்ட் கேக்கிறது. அதனால இப்போ எதை வாங்கினாலும் அந்த வாரமே முதல் ஒரு மணி நேரம் ஆடிடுறேன். பழைய லிஸ்ட்ல 40 கேமை 'ஆட மாட்டேன்'னு ஒரு ஃபோல்டர்ல போட்டு மறைச்சுட்டேன். ரெண்டு நாள் உறுத்துச்சு. அப்புறம் அதுல என்ன இருந்துச்சுன்னே ஞாபகம் இல்ல.

இப்படித் தட்டித் தட்டி வரும்போது ஒரு கேம் மட்டும் எந்த ஃபோல்டர்லயும் போக மாட்டேன்னுச்சு. 'இட் டேக்ஸ் டூ'. 2021 மார்ச்ல வந்தது. ரெண்டாவது அலை லாக்டவுன்ல நானும் தங்கச்சியும் ஆரம்பிச்சோம். அவகிட்ட கன்ட்ரோலர், என்கிட்ட கீபோர்டு. அந்தக் கேமைத் தனியா ஆடவே முடியாது. ரெண்டு பேருக்கும் வேற வேற சக்தி, ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் ஒரு அடி நகர முடியாது. ஏழு அத்தியாயத்துல நாலாவது, கடிகாரத்துக்குள்ள நடக்கிறது. அங்க நின்னோம். எனக்கு ஆபீஸ் வேலை கூடிடுச்சு. "அண்ணா, இன்னைக்கு?"ன்னு கேப்பா. "நாளைக்கு"ம்பேன். அடுத்த வருஷம் கல்யாணம் ஆகி கோயம்புத்தூர் போயிட்டா.

என் லிஸ்ட்ல அதுவும் 113-ல ஒண்ணு. 20 மணி, பாதி முடிஞ்சது, அவ்ளோதான். ஆனா மத்த 112-ம் எனக்காகக் காத்திருக்கல. கடைக்காரனுக்குக் காசு போயாச்சு, கேமுக்குக் கவலை இல்ல. இது ஒண்ணுலதான் எதிர்ப்பக்கம் ஒரு ஆள் இருந்தா. அப்பா பாஷையில சொன்னா, உப்புப் போடாதது இதுதான். நான் கடைசியா வெச்சிருந்தேன்.

ஃபோன் பண்ணிக் கேட்டேன். "மூணு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும்?"னா. அந்தக் கேம்ல 'ஃபிரெண்ட்ஸ் பாஸ்'னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் வாங்கியிருந்தாப் போதும், இன்னொருத்தர் காசில்லாம டவுன்லோடு பண்ணி ஆன்லைன்ல சேர்ந்துக்கலாம். இப்போ வியாழக்கிழமை ராத்திரி, பாப்பா தூங்கினதுக்கு அப்புறம் ஆடுறோம். சில வாரம் பாப்பா தூங்காது, அன்னைக்கு வெறும் பேச்சுதான். கடிகாரத்தைத் தாண்டி, பனியைத் தாண்டி, இப்போ தோட்டத்துல இருக்கோம்.

அதனால உங்க லிஸ்ட்டை எண்ணும்போது மணி நேரத்தை மட்டும் எண்ணாதீங்க. எதுல எதிர்ப்பக்கம் ஆள் இருக்குன்னு ஒரு காலம் சேர்த்துக்கோங்க. அதை முதல்ல எடுங்க. மீதி இருக்கட்டும், அது எங்கயும் போகாது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். வியாழக்கிழமை ராத்திரி மட்டும் மெசேஜுக்குப் பதில் வராது, மன்னிச்சுக்கோங்க.