கோமாளி மீனின் குடும்பம்

முருகைக்கற்பாறைகள் நிறைந்த ஆழங்குறைந்த வெப்பக் கடல்களிலே கடற்சாமந்தி என்றொரு பிராணி வாழ்கின்றது. பார்வைக்கு அது மலர்ந்த பூவே. அதன் இதழ்கள் போலத் தோன்றும் உணர்கொம்புகளிலோ, கண்ணுக்குப் புலப்படாத நச்சுக் கொட்டிகள் ஆயிரக்கணக்கில் உள. தீண்டிய சிறு மீன்கள் செயலற்று அதற்கு இரையாகிவிடும். இந்த நச்சுப் படுக்கையிலே அச்சமின்றிக் குடியிருக்கும் ஒரு மீனைப் பற்றியே ஈண்டு கூறப் புகுகின்றோம். கோமாளி மீன் என்பது அதன் பெயர்.

இம்மீன்களில் சுமார் 30 இனங்கள் உள. அவற்றுள் ஒன்று நம் நாட்டோடு தனித்தொடர்புடையது. இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த பெனற் என்னும் ஆங்கிலேயர், இங்குள்ள மீன்களை வண்ணப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். 1830 ஆம் ஆண்டில் அவர் விவரித்த இம்மீனை விஞ்ஞானிகள் இன்று ‘அம்பிப்பிரியன் கிளார்க்கியை’ என்பர். கரும்பழுப்பு உடல், மூன்று வெண்பட்டைகள், மஞ்சள் முகம்; நீளம் 15 சென்ரிமீற்றர் வரை. மாலைதீவுக் கோமாளி மீன் ஒரேயொரு வகைக் கடற்சாமந்தியில் மாத்திரமே வாழ, கிளார்க்கியையோ கோமாளி மீன்களுக்கு இடங்கொடுக்கும் பத்து வகைகளிலும் குடியேற வல்லது.

நஞ்சு இதனை வருத்தாததேன்? உடலைப் போர்த்துள்ள சளிப்படலத்திலேயே காரணம் உள்ளதென்பர். கொட்டிகளைத் தூண்டும் பொருள் அதிலே மிகக் குறைவாம். ஆயினும், புதிய கடற்சாமந்தியை நாடும் மீன் பலவேளைகளில் உடனே உள்ளே பாய்வதில்லை. குளிர்ந்த கேணியில் இறங்குமுன் காலால் நீரைத் தொட்டுப் பார்க்கும் சிறுவரைப்போல, தொட்டும் விலகியும் சிறிது சிறிதாகவே பழகுகின்றது. குடியிருப்புக்குக் கூலியும் உண்டு. கடற்சாமந்தியைக் கடித்துண்ண வரும் மீன்களை இது விரட்டும். இதன் கழிவு கடற்சாமந்தியின் உடலிலுள்ள நுண்பாசிகளுக்கு உரமாகும்.

இவற்றினும் விநோதமானது இம்மீன்களின் குடும்ப ஒழுங்கு. ஒரு கூட்டத்திலே மிகப் பெரியது பெண். அடுத்தது அவள் துணைவனாகிய ஆண். எஞ்சியவை இன்னும் பால் முதிராத இளையவை. இவை அவ்விணையின் பிள்ளைகள் என்று எண்ணிவிடலாகாது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் பத்து நாள் அளவில் கடலில் மிதந்து திரிந்தபின், ஏதேனும் ஒரு கடற்சாமந்தியிற் போய்ச் சேர்பவை. நம்மவரின் கூட்டுக்குடும்பத்திலும் இது விசித்திரமானதன்றோ!

பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறுகின்றது. இளையவற்றுள் பெரியது ஆணாக முதிர்ந்து அதற்குத் துணையாகின்றது. 2003 இல் வெளிவந்து பிள்ளைகளை மகிழ்வித்த ‘நீமோ’ படத்திலே, மனைவியை இழந்த தந்தை மகனைத் தேடி அலைகின்றது. இயற்கையின்படி அத்தந்தை தாயாகவே மாறியிருக்க வேண்டும். படம் எடுத்தோர் இதைத் தவிர்த்தமை வியப்பன்று.

இளையவை நெடுநாள் காத்திருக்கின்றன. பப்புவா நியூகினியில் வாழும் ஓர் இனத்தின் பெண் 30 ஆண்டு வரை உயிர்வாழக்கூடும் என மதிப்பிட்டுள்ளனர். பீற்றர் பஸ்ரன் என்னும் ஆய்வாளர் அவ்வினத்தைப் பற்றி 2003 இல் வெளியிட்ட முடிவு நம்மை மிகவும் கவர்கின்றது. தனக்கு மூத்த மீனின் அளவை எட்டிவிடாதபடி ஒவ்வொன்றும் தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கின்றதாம். மிஞ்சி வளர்ந்தால் துரத்தப்படும். கடற்சாமந்திக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை.

கடற்சாமந்திக்கும் இக்காலத்தில் இடையூறு வந்துள்ளது. கடல்நீர் அளவுமீறிச் சூடேறும்போது அதன் நுண்பாசிகள் நீங்க, அது முருகைக்கல்லைப் போலவே வெளிறிப்போகின்றது. 1998 இல் இக்கடுவை முருகைக்கற்பாறைகள் வெளிறியமை பலர் அறிந்ததே. 2023 இல் பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவிலே வெப்பம் மிகுந்தபோது, 134 கோமாளி மீன்களை மாதந்தோறும் அளந்தனர். வளர்ச்சி நிற்றல் மாத்திரமன்றி, பெரும்பாலானவை நீளத்திலேயே குறுகிவிட்டன. இணையில் இரண்டும் ஒருங்கே குறுகியவற்றுள் உயிர்தப்பியவை அதிகம்.