பழைய கணினியும் காலண்டரில் எழுதிய எண்ணும்

கோவை துடியலூர் என்.ஜி.ஜி.ஓ. காலனியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். "மாப்ள, இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுட்டுக் காப்பி குடிச்சு, பேப்பரும் படிச்சு முடிச்சர்றேன், அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். அத்தைக்கு வேறு கவலை. "திரையில ஒரு நம்பர் வந்துச்சு கண்ணு. உடனே கூப்பிடலைன்னா எல்லாம் அழிஞ்சு போயிரும்னு போட்டிருந்துச்சு. எழுதி வச்சிருக்கேன்" என்று சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் அட்டையைக் காட்டினார். நல்லவேளை, இன்னும் அழைத்திருக்கவில்லை.

அந்தக் கணினியில் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், இருவரின் ஆதார், பான், மகள் கல்யாணப் படங்கள், பேரனின் காணொளிகள், பிரவுசரில் சேமித்து வைத்த வங்கிக் கடவுச்சொல் எல்லாம் இருந்தன. பீரோ சாவியை நாம் யாரிடமும் எளிதில் கொடுப்பதில்லை. ஆனால் கணினி மெதுவானதும், பழுது பார்க்க வருகிறவரிடம் யோசிக்காமல் அத்தனையையும் ஒப்படைத்துவிடுகிறோம். இதில் இருக்கும் ஆபத்துகளையும், நமக்குள்ள உரிமைகளையும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஏன் மெதுவாகிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மாமாவின் கணினியில், எந்த வேலையும் நடக்காதபோதே டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நின்றது. சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்கின் வழக்கமான அடையாளம் இது. அதோடு, கணினி தொடங்கும்போதே தானாக எழுந்துகொள்ளும் மென்பொருள்கள் ஒரு டஜன் இருந்தன. இரண்டு ஆண்டிவைரஸ்கள் ஒரே கோப்பைப் போட்டி போட்டுக்கொண்டு சோதித்துக்கொண்டிருந்தன. சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகியிருந்தது.

தேவையற்றவற்றை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்துவதும், கூடுதல் ஆண்டிவைரஸை நீக்கி விண்டோஸுடனே வரும் டிஃபெண்டரை மட்டும் வைத்துக்கொள்வதும் வீட்டிலேயே செலவில்லாமல் செய்யக்கூடியவை. அதன் பிறகும் டிஸ்க் திணறினால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடுவதும், ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குவதும் பெரும்பாலான பழைய கணினிகளுக்குப் புத்துயிர் தரும். இவற்றைப் பார்க்காமலேயே "மதர்போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிருங்க" என்று யாராவது சொன்னால், காந்திபுரத்தில் இன்னொரு கடையிலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. பதிவு செய்துகொள்பவர்களுக்குக் கூடுதல் அவகாசத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது. அது நமக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது.

முதலில் நகல், பிறகுதான் சுத்தம்

பழுது பார்ப்பவர் கடைக்காரராக இருந்தாலும், அன்போடு உதவ வந்த மருமகனாக இருந்தாலும் முதல் வேலை நகல் எடுப்பதுதான். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படங்களையும் ஆவணங்களையும் ஏற்றி, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் வேறு எதையும் செய்யாதீர்கள். அது எந்த நேரமும் நின்றுவிடலாம்.

உறவினர் கணினியில் நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்குக் குப்பையாக இருக்க வேண்டியதில்லை. அத்தையின் திரையில் "நியூ ஃபோல்டர் 3" என்று ஒன்று கிடந்தது. திறந்தால், காலமான என் பாட்டியின் குரல் பதிவுகள். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் நீக்கினேன். "எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிட்டேன், இப்ப பறக்கும்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள், ஒரு குடும்பத்தின் நினைவுகளை ஒரு மணி நேரத்தில் அழித்துவிட முடியும்.

திரையில் வரும் தொலைபேசி எண்

அத்தை எழுதி வைத்தது மோசடிக்காரர்களின் எண். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. அந்த எண்ணை அழைத்தால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல மென்பொருள்களே. ஆனால் அந்நியருக்கு அவற்றின் எண்ணைச் சொல்லிவிட்டால் அவர் நம் நாற்காலியிலேயே உட்கார்ந்தது போலத்தான். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. இந்த மோசடியைத் தொழிலாகவே நடத்திய கால் சென்டர்கள் அதில் சிக்கின.

இப்படி ஒரு செய்தி திரையை மறைத்தால் பதற வேண்டாம். இணைய இணைப்பைத் துண்டித்து, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடுங்கள். பிறகு பிரவுசர் அமைப்புகளில் எந்தெந்தத் தளங்களுக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்த்து நீக்குங்கள். அத்தையின் பிரவுசரில் அப்படி 9 தளங்கள் இருந்தன.

கடைக்குக் கொடுக்கும் முன்

நேர்மையான பழுதுபார்ப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் நம் பக்கத்துப் பாதுகாப்பை நாம் செய்துகொள்ள வேண்டும். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், யாருக்கும் தெரியாமல் பதிவு எடுக்கும் ஏற்பாட்டோடு மடிக்கணினிகளைப் பழுதுக்குக் கொடுத்துச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். 16 இடங்களில் 6 இடங்களில் ஊழியர்கள் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள், 2 இடங்களில் நகலே எடுத்துக்கொண்டார்கள். ஹாங்காங்கில் நடிகர் எடிசன் சென்னின் மடிக்கணினி பழுதுக்குப் போனபோது நகலெடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் 2008இல் உலகெங்கும் பரவின. நகலெடுத்த தொழில்நுட்பப் பணியாளர் சிறைக்குப் போனார். ஆனால் பரவிய படங்களை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை.

ஆகவே கணினியைக் கொடுக்கும் முன் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குங்கள். எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். என்ன கோளாறு, என்ன செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். "விண்டோஸ் நான் சும்மா போட்டுத் தர்றேன்" என்று திருட்டுப் பிரதியை நிறுவ முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அதைத் திறக்கும் கருவிகளோடு வைரஸும் வரலாம். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவதும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம்.

சட்டம் உங்கள் பக்கம்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாதது சேவைக் குறைபாடு. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அங்கும் தீரவில்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

உங்கள் அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு கோப்புகளை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தரங்கப் படங்களை வெளியிடுவதைத் தண்டிக்க 66ஈ பிரிவு இருக்கிறது. இதில் அவமானப்பட வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் அல்ல. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களைத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

பணம் போய்விட்டால்

இணைய இணைப்பை உடனே துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியையும், சைபர் குற்ற உதவி எண் 1930ஐயும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்க இதுவே வழி. பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வந்த குறுஞ்செய்தி, அழைப்பு நேரம், திரைப் படம் எதையும் அழிக்காதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்முடையதல்ல. நாமே ஓடிபி கொடுத்து ஏமாந்திருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு நம்மைச் சேரும், தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியைச் சேரும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கே நட்டம். வீட்டுப் பெரியவர்கள் ஏமாந்தேன் என்று சொன்னால், தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் நாள் கணக்கில் மறைக்கிறார்கள்.

மாமாவின் கணினி இப்போது எஸ்எஸ்டியோடு ஒரு நிமிடத்துக்குள் எழுந்துகொள்கிறது. கிளம்பும்போது அத்தை அந்தப் பழைய எண்ணை அடித்துவிட்டு, அதன் கீழே 1930, 1915 என்று பெரிதாக எழுதினார். உங்கள் வீட்டுக் காலண்டரிலும், ஊரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக் காலண்டரிலும் இந்த இரண்டு எண்களை இன்றே எழுதி வையுங்கள்.