முதல் கடலில் இருக்கட்டும்... வட்டி போதும் நமக்கு!

ஒரு ஆபீஸ். எம்.டி. ஒரு அம்மணி. அடுத்த சீட்டில் ஜி.எம். அவர்தான் அம்மணியின் வீட்டுக்காரர்! அவருக்குக் கீழே வரிசையாக மூணு நாலு ஜூனியர்கள். யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகவும் கூடாது. மேலே இருப்பவரை எட்டிப்பிடிக்கிற அளவுக்கு உடம்பு வளர்ந்தால் அன்றைக்கே டிஸ்மிஸ். அதனால் ஜூனியர்கள் வளர்ச்சியையே அடக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒருநாள் எம்.டி. அம்மா மண்டையைப் போட்டால்? ஜி.எம். அந்த சீட்டில் உட்காருகிறார். கொஞ்ச நாளில் பெண்ணாகவே மாறிவிடுகிறார்! முதல் ஜூனியருக்கு ஜி.எம். புரமோஷன், கூடவே கல்யாணம்!

கப்ஸா இல்லை சார். கோமாளி மீன் குடும்பம் கடலுக்கடியில் இப்படித்தான் நடக்கிறது. 2003-ல் வந்த ஹாலிவுட் கார்ட்டூன் படத்தில் ‘நீமோ’ என்று உலகமே கொஞ்சியதே, அதே ஆரஞ்சு-வெள்ளைப் பட்டை மீன். படத்தில் அம்மா மீன் செத்த பிறகும் அப்பா கடைசிவரை அப்பாவாகவே பிள்ளையைத் தேடி அலைகிறார். நிஜக் கடலாக இருந்தால் அப்பாவே அம்மாவாகியிருப்பார்!

நம்ம சிங்காரப்பேட்டைப் பக்கம் மீன் என்றால் ஏரிக் கெண்டை, இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி டேம் மீன் வறுவல். கடலைப் பார்க்க செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் தாண்டி பாண்டிச்சேரி வரைக்கும் பஸ்ஸில் குலுங்க வேண்டும். ஆனால் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு லீவு நாளில் பெங்களூர் பக்கம் போகிற நம் இளைஞர்களை, அங்கே அக்வேரியம் கடைக் கண்ணாடிக்குள்ளிருந்து இந்த மீன் கூப்பிடுகிறது. ‘ஒரு ஜோடி வாங்கி, முட்டை போட வெச்சு, குஞ்சு வித்தா சைடு வருமானமாச்சே!’ என்று மனசு கணக்குப் போடுகிறது. தப்பில்லை. ஆனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. “அண்ணே, இது கடல்ல புடிச்சதா, தொட்டியில பொறந்ததா?”

கடலில் பிடித்தது

கோமாளி மீனின் வீடு கடல் சாமந்தி. பார்க்கத்தான் பூ, நிஜத்தில் கொட்டும் விரல்கள் கொண்ட ஒரு பிராணி. மற்ற மீன் தொட்டால் காலி. கோமாளிக்கு மட்டும் உடம்பின் வழவழப்பே கவசம். வாடகை சும்மா இல்லை. சாமந்தியைக் கடித்துத் தின்ன வருகிற மீன்களை இது விரட்டியடிக்கிறது. ஆக, மீனைப் பிடித்தால் வாட்ச்மேன் போன பங்களா மாதிரி சாமந்தியும் ஆபத்தில் நிற்கும்.

பிடிக்கிற விதமும் சாதாரணம் இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா பக்கம் அலங்கார மீன் பிடிக்க சயனைடு கரைசலைப் பவளப் பாறைகளில் பீய்ச்சுகிற கொடுமை 1960-களிலேயே ஆரம்பித்துவிட்டது. மயங்கிய மீனை அள்ளலாம், பாறை செத்துப்போகும். வலையால் நல்லபடியாகப் பிடித்தால்கூட, அப்புறம் பிளாஸ்டிக் பையில் பட்டினிப் பயணம், கை மாறிக் கை மாறி. வீட்டுக்கு வந்ததும் உருண்டைத் தீனியை இதெல்லாம் ஒரு சாப்பாடா என்பது போலப் பார்க்கும். கூடவே புருக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி வேறு. இந்த இன மீன்களை அது அடிக்கடி பிடிப்பதால், கோமாளி மீன் நோய் என்றே அதற்குப் பெயர்.

தொட்டியில் பிறந்தது

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970-களிலேயே தொட்டியில் கோமாளி மீன் குஞ்சு பொரிக்க வைத்து விற்பனைக்கு விட்டார்கள். நம்ம நாடும் சளைக்கவில்லை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் மண்டபம் மையத்தில் பல வகைக் கோமாளி மீன்களைப் பெருக்கிக் காட்டியது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் சாதித்தது. மண்டபம் பக்கம் மீனவப் பெண்களுக்குக் குஞ்சுகளைக் கொடுத்து, வளர்த்து விற்கவும் பழக்கியிருக்கிறார்கள். கடலில் இறங்காமலே கடல் வருமானம்!

வேலை லேசு இல்லை. ஒரு ஈட்டுக்குச் சில நூறிலிருந்து ஆயிரம் முட்டை வரை. முட்டைக்கு விசிறி வீசுவது, கெட்டதைப் பொறுக்கி எறிவது எல்லாம் அப்பா டியூட்டி. ஏழெட்டு நாளில், இருட்டின பிறகு பொரியும். குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதற்கு அதைவிடப் பொடிசான ரோட்டிஃபர் என்ற உயிரியைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் பட்டை தெரியும், பிழைத்துவிடும். பொறுமை இல்லாதவர் அந்த இரண்டு வாரத்தில்தான் தோற்பார்.

ஜோடிப் பொருத்தம்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ‘பெரிய மீனா ரெண்டு வாங்கினா சீக்கிரம் முட்டை’ என்று கடல் மீனில் கொழுத்ததாகப் பார்த்து இரண்டு வாங்குவார்கள். வெவ்வேறு சாமந்தியிலிருந்து வந்த இரண்டு எம்.டி. அம்மாக்கள்! ஆண் பெண்ணாகும், பெண் திரும்ப ஆணாகாது. ஒரே தொட்டியில் இரண்டு பெண்களை விட்டால், ஒன்று சாகிறவரை சண்டைதான்.

ஏற்கெனவே ஜோடி சேர்ந்த கடல் மீன் கிடைத்து, அது தொட்டியில் பிழைத்தும் விட்டால், சீக்கிரம் முட்டையிடலாம். அது லாட்டரி. தொட்டிக் குஞ்சில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு வாங்குங்கள். பெரிசு பெண்ணாகும், சிறிசு புருஷனாகும். ஒரு வருஷமோ, அதற்கு மேலோ பொறுக்க வேண்டும். சாமந்தி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதிலேயே குடித்தனம் நடத்தும்.

வரவு - செலவு

பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? உதாரணத்துக்கு, கடல் மீன் 500 ரூபாய், தொட்டி மீன் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மீன் மூணு வாங்கி ஒண்ணு பிழைத்தால், அந்த ஒண்ணின் அடக்க விலை 1,500! மலிவு எது?

பெரிய கணக்கு ஒன்றும் உண்டு. கடலில் ஒரு தாய் மீன் டெபாசிட் மாதிரி. 20 வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. அதைப் பிடித்து விற்பது முதலை எடுத்துத் தின்பது. குஞ்சு பொரிப்பகத்துக்கும் முதல் ஜோடி கடலிலிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு ஜோடியே மாதம் இரண்டு ஈடு போடும். வருஷக்கணக்கில் வட்டி! மன்னார் வளைகுடாவை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் அந்த முதலைக் காப்பாற்றத்தானே? கடலை நம்பிப் பிழைக்கிற மீனவருக்கும் வட்டி வழிதான் நாளைக்கும் சோறு போடும்.

நம்ம ஊர்த் தண்ணி

கிருஷ்ணகிரி, தர்மபுரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தானே ஒகேனக்கல் திட்டமே வந்தது? அதனால் போர் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்துக் ‘கடல்’ தயாரிக்காதீர்கள்! ஆர்.ஓ. தண்ணீரும், கடைகளில் விற்கிற கடல் உப்புக் கலவையும் வேண்டும். மீனில்லாமல் தொட்டியை ஒரு மாதமாவது ஓடவிடுங்கள். ஓசூர் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர், கரண்ட் கட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்... இரண்டும் கட்டாயம்.

கடைசியாக ஒரு சின்னப் பரீட்சை. கடைக்காரர் “தொட்டியில பொறந்ததுதான் சார்” என்று சத்தியம் பண்ணினால், “ரெண்டு உருண்டைத் தீனி போடுங்க, பார்ப்போம்” என்று கேளுங்கள். ஓடி வந்து கவ்வினால் பேரம் பேசலாம். “புது இடம் சார், வெட்கப்படுது” என்று இழுத்தால்? பொண்ணு பார்க்கப் போனவர்கள் மாதிரி, “ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்” என்று பஸ் ஏறிவிடுங்கள்!